வாரிசுச் சான்றில் இல்லாத பெயர்

மூன்றாவது எஸ்டேட்டிலும் அந்தப் பெண் இல்லை. கணக்கப்பிள்ளை பேரேட்டின் கடைசிப் பக்கம்வரை விரலை ஓட்டிவிட்டு மூடினார்.

"முருகம்மாள்னு ரெண்டு பேரு இருக்காக. ஒண்ணு தேவாரம், ஒண்ணு சின்னமனூரு. ரெண்டும் கெழவிக. உங்க ஆளு இல்ல."

ஹேமாவதி வெளியே வந்தாள். ஏலக்காய் உலர்த்தும் கூடத்திலிருந்து சூடான வாடை வந்தது. ஜீப்பின் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த கணவனை எழுப்பினாள்.

"இந்த வண்டன்மேட்டுல இன்னும் எத்தன எஸ்டேட்டு இருக்கு?"

"எண்ணிக்கிட்டு இருந்தா இன்னைக்கு மலை எறங்க முடியாது."

"எண்ண வேணாம். ஓட்டுங்க."

கர்ணன் இருபது வருடமாக உத்தமபாளையத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவன். விடிவதற்குள் பதினைந்து பெண்களை ஏற்றி மேலே விட்டு, மாலையில் அதே பதினைந்து பேரைக் கீழே கொண்டுவருவான். இன்று அந்த ஆட்களை வேறு ஜீப்பில் அனுப்பிவிட்டு மனைவிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஹேமாவதி இன்சூரன்ஸ் ஏஜென்ட். தொண்ணூற்றாறில் சேர்ந்தாள். முதலில் சைக்கிள், பிறகு டிவிஎஸ் வண்டி. பதினோரு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பாலிசிகள். கமிஷன் வந்ததும் நகை வாங்கவில்லை, இடம் வாங்கினாள். தொண்ணூற்றொன்பதில் ஐந்து சென்ட். அதை விற்றுப் பதினைந்து. அதை விற்று, இரண்டாயிரத்து நான்கில், உத்தமபாளையத்துக்கு வெளியே கம்பம் சாலையில் தொண்ணூறு சென்ட். அந்தப் பக்கத்தில் பெண்கள் பெயரில் கிடக்கும் நிலத்தில் பாதி, வருமான வரிக்குப் பயந்து கணவர்கள் எழுதிவைத்தது. ஹேமாவதியின் நிலம் ஹேமாவதி சம்பாதித்து வாங்கியது. அவள் தெருவில் பான் கார்டு வைத்திருந்த ஒரே பெண் அவள்தான். சாலை முகப்பு நூற்றெண்பது அடி. அதில் ஆறு கடைகள் கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தாள்.

இப்போது அவள் தேடிக்கொண்டிருந்த பெண் கிடைத்தால் அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். கிடைக்காவிட்டால் தொண்ணூறு சென்ட்டும் அவள் பெயரிலேயே இருக்கும். யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள், யாரும் வாங்க மாட்டார்கள்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் அழகுமலை ஒரு தகரப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தான். அவளுக்கு அந்தத் தொண்ணூறு சென்ட்டை விற்ற அண்ணன் தம்பி இருவரில் இளையவன். பழைய வீட்டை இடித்தபோது அட்டத்துப் பரணில் பெட்டி இருந்ததாம். உள்ளே அவர்களுடைய அப்பா சின்னக்கருப்புவின் இன்சூரன்ஸ் பாலிசி.

"அய்யா போட்டதுக்கா. நாலு வருசம் கட்டியிருக்காரு. ஏதாச்சும் வருமா?"

ஹேமாவதி பிரித்தாள். தொண்ணூற்றாறு, நவம்பர். அவள் போட்ட முதல் பத்துப் பாலிசிகளில் ஒன்று. கூடவே மடித்து வைத்திருந்த படிவத்தின் நகல். அவளுடைய கையெழுத்து, அப்போதைய உருண்டைக் கையெழுத்து. நியமனதாரர்: முருகம்மாள். உறவு: மகள்.

"யாரு இந்த முருகம்மாள்?"

"அது ஒண்ணுமில்லக்கா. செத்துப்போச்சு."

"எப்ப?"

"எங்களுக்குச் செத்துப்போச்சு."

எண்பத்தெட்டில், இருபது வயதில், வண்டன்மேட்டு எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிய ஜீப்பின் கிளீனரோடு போய்விட்டாள். வேறு சாதி, வேறு மதம். வீட்டில் எல்லோரும் ஆற்றுக்குப் போய் அவள் பெயரைச் சொல்லித் தலை முழுகிவிட்டு வந்தார்கள். அப்படித் தலை முழுகிய பிறகு அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று யாரும் சொல்வதில்லை. அம்மா போய், இரண்டாயிரத்து இரண்டில் அப்பாவும் இறந்தபோது, மூத்தவன் பாண்டியராஜன் தாலுகா அலுவலகத்தில் வாரிசுகள் இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்தான். பொய் சொல்கிறோம் என்று அவன் நினைக்கவில்லை. விசாரிக்க வந்த கிராம அலுவலரிடம் தெருவே அப்படித்தான் சொன்னது.

ஹேமாவதி அந்தச் சான்றை வாங்கிப் பார்த்தாள், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாள், பிறகு பணம் கொடுத்தாள். தன் கையால் எழுதிய மூன்றாவது பெயர் அவளுக்கு நினைவு வரவில்லை.

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் இம்மானுவேல் அலுவலகம். அவர் பத்திரத்தையும் பாலிசியையும் மேசையில் அருகருகே வைத்தார்.

"சின்னக்கருப்பு சொந்தமா சம்பாதிச்ச எடம். உயில் இல்ல. பிள்ளைக மூணு, பங்கு மூணு."

"வாரிசுச் சான்றுல ரெண்டு பேருதான சார் இருக்கு?"

"தாசில்தார் குடுக்குற காகிதம் பொறந்த பிள்ளையப் பொறக்காமப் பண்ணிருமா?"

"வில்லங்கம் பாத்தேனே."

"பதிவான பத்திரம் இருந்தா வில்லங்கத்துல வரும். ஓடிப்போன பொண்ணு வராது."

"பேசாம இருந்துட்டா?"

"இருக்கலாம். அந்தப் பொண்ணு வந்து கேக்குற வரைக்கும். இல்ல, அவகிட்ட யாராச்சும் போய்ச் சொல்ற வரைக்கும். ரோட்டு மேல எடம்மா. சொல்றதுக்கு ஆள் இல்லாமலா போவான்?"

அன்றிரவு சாப்பிடும்போது கர்ணன் பாலிசியைப் பார்த்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான்.

"அடுப்பு நாலு அடியிலதான் இருக்கு."

"நான் எழுதுன பேருங்க அது."

"அதுக்கு?"

அவள் பாலிசியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வக்கீல் சொன்ன ஆள் மூன்றே நாளில் கிளம்பினான். அழகுமலை எங்கோ வாயை விட்டிருந்தான். மனைத் தரகர் தங்கப்பாண்டியன் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து, யாருடைய ஜீப் என்று தெரியாமல் கர்ணனிடமே கேட்டார்.

"வண்டன்மேட்டுல ஒரு பொம்பளையத் தேடணும். ரெண்டு மூணு நாளாகும். பெரிய பார்ட்டி விசயம், வாடகை கூடவே வாங்கிக்க."

"வண்டி ரிப்பேரு வேலைக்கு விட்டிருக்குண்ணே."

"இந்தா நிக்குது?"

"வேலைக்கு விடத்தான் நிக்குது."

மறுநாள் காலையிலேயே இருவரும் மலையேறினார்கள். அதுதான் இந்த நாள்.

நான்காவது எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் கர்ணன் வண்டியை ஓரம்கட்டினான்.

"நீ கேக்குறதே தப்பு. எஸ்டேட்டுல யாருக்கு யாரு பேரு தெரியும்? என் வண்டியில இருவது வருசமா ஏறுறாக. போடிக்காரி, கோம்பைக்காரி, ராயப்பன்பட்டிக்காரி. ஊரச் சொல்லித்தான் கூப்பிடுவாக."

"இத இப்பத்தான் சொல்றீகளா?"

"நீ பேரேட்டத்தான கேட்ட."

நான்காவது எஸ்டேட்டில் அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. குழாயடியில் நின்ற பெண்களிடம் போனாள்.

"இங்கன பாளையத்துக்காரி யாரும் இருக்காகளா?"

"மேரியா? மேல லைன்ல ரெண்டாவது வீடு."

மேரி வாசலில் உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள். பாண்டியராஜனின் நெற்றி, பாண்டியராஜனின் தாடை. கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஹேமாவதி பாலிசியை எடுத்து நீட்டினாள்.

"இது உங்க பேராம்மா?"

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

"தொண்ணூத்தாறா?"

"தொண்ணூத்தாறு."

"நான் வந்து எட்டு வருசம் கழிச்சு."

"ஆமா."

"யாரு எழுதுனது?"

"நாந்தான். உங்க அய்யா சொல்லச் சொல்ல எழுதுனேன்."

"என்ன சொன்னாரு?"

ஹேமாவதி யோசித்துப் பார்த்தாள். ஒரு திராட்சைத் தோட்டம் நினைவு வந்தது. பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தது வந்தது. அவர் குரல் வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா."

முருகம்மாள் தாளைத் திரும்பப் படித்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது இரண்டு டம்ளரில் கட்டன் சாயா இருந்தது.

"இதுக்கு எம்புட்டு வரும்?"

"பெருசா வராது. ஆனா உங்களுக்குத்தான் வரும். இன்னொண்ணு இருக்கு. அது பெருசு." ஹேமாவதி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா வாங்கிய இடம், இரண்டு பேர் கையெழுத்து, தான் வாங்கியது, மூன்று பங்கு.

முருகம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்க எடத்துல மூணுல ஒரு பங்கு என்னோடதா?"

"முப்பது சென்ட்."

"அதச் சொல்றதுக்கா மலையேறி வந்தீக?"

"ஆமா."

"உங்களுக்குப் புத்தி சரியா இருக்கா?"

"பன்னெண்டு நாளா நானும் அதத்தாம்மா கேக்குறேன்" என்றான் முற்றத்தில் நின்ற கர்ணன்.

முருகம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் நேராக உட்கார்ந்துகொண்டாள்.

"எம்புட்டுக்கு வாங்குனீக?"

பத்திரம் ஹேமாவதியின் பையில்தான் இருந்தது. அதில் ஒன்றேகால் லட்சம் என்று எழுதியிருந்தது. அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பு அவ்வளவுதான். முத்திரைத் தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது, அவளும் எழுதினாள்.

"பத்திரத்துல ஒண்ணேகால். கையில மூணரை."

"ரெண்டு பேரும் பாதிப் பாதியா?"

"அது எனக்குத் தெரியாது."

முருகம்மாள் முறத்தை மடியில் எடுத்துவைத்து மறுபடி காய் பொறுக்க ஆரம்பித்தாள். கை வேலை பார்த்தது. வாய் கணக்குப் பார்த்தது.

"இருவது சென்ட்டுக்கு, அன்னைக்கு அவுக வாங்குன வெலைய அவுக குடுக்கட்டும். தின்னது அவுகதான. பத்து சென்ட்டு எனக்கு மண்ணா வேணும். ரோட்டு முகப்போட."

"முகப்பு எத்தன அடி?"

"இருவது."

"பதினஞ்சு."

"நீங்க கட போடுவீக. நான் என்ன மாடா கட்டப் போறேன்? நானும் கடதான் போடுவேன். இருவது."

இருபது அடி முகப்பில் பின்பக்கம் வரை நீட்டினால் சரியாகப் பத்து சென்ட் வந்தது. ஹேமாவதி அதை மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சரி. இருவது."

"இன்னும் முடியல. பத்திரத்துல நான் சின்னக்கருப்பு மகள்னு எழுதணும். சாட்சி அவுக ரெண்டு பேரும் போடணும். வேற யாரு போட்டாலும் நான் மலை எறங்க மாட்டேன்."

இறங்கும்போது கர்ணன் இரண்டு வளைவுகளை ஒடித்துத் திருப்பினான். மூன்றாவதில் சொன்னான்:

"ஆறு கட அஞ்சாகும்."

"அஞ்சுக்குக் கடன் கெடைக்கும். ஆறுக்குக் கெடைக்காது."

பாண்டியராஜன் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். மாடிக்குச் சென்ட்ரிங் அடித்திருந்தது. ஹேமாவதி வக்கீலையும் கூட்டிக்கொண்டு போனாள். சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் பேச வேண்டியிருந்தது.

"அந்தக் கழுதைக்கு எதுக்கு ஏஜென்ட்டம்மா பங்கு? வேதத்துக்கு மாறிப் போனவளுக்கு அய்யா சொத்துல பாத்தியத ஏது?" என்றான் பாண்டியராஜன்.

"மாறுனவுகளுக்கும் உண்டுன்னு வெள்ளக்காரன் காலத்துலயே சட்டம் வந்தாச்சு" என்றார் இம்மானுவேல். "எங்க தாத்தா அதுலதான் ஜெயிச்சாரு. எங்கிட்டயே கேக்குறீகளே."

ஹேமாவதி கிரயப் பத்திரத்தை எடுத்தாள். மூன்றாம் பக்கம். எல்லாப் பத்திரத்திலும் இருக்கும் வரி. எழுதுகிறவர் எழுதுவார், கையெழுத்துப் போடுகிறவர் படிப்பதில்லை. அவள் சத்தமாகப் படித்தாள்.

"'பின்னிட்டு மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கம் ஏற்பட்டாலும், அதை எங்கள் சொந்தச் செலவிலும், எங்கள் இதர சொத்துக்களைக் கொண்டும் தீர்த்துக்கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.' கீழ கையெழுத்து யாருதுண்ணே?"

"என்னுதுதான்."

"இதர சொத்துன்னா எது?"

பாண்டியராஜன் பத்திரத்தைத் தள்ளிவிட்டான். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி அக்கம்மாள் வெளியே வந்து நின்றாள். சென்ட்ரிங் பலகைகளை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த அம்மா கேக்குறாகள்ல. சொல்லுங்க."

"நீ உள்ள போ."

"எந்த வீட்டுக்குள்ள? இது இருக்குமா முதல்ல?"

அழகுமலை அதுவரை ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"அக்கா நல்லா இருக்காளா?" என்றான்.

"ஏலே!" என்றான் பாண்டியராஜன்.

"கேட்டேன். அதுக்கு என்ன?"

ஹேமாவதி சொன்னாள். புருஷன் செத்து ஆறு வருடம். ஒரு மகள் தொடுபுழாவில் நர்ஸ் படிக்கிறாள். வீட்டில் ஒரு மாடு. அழகுமலை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பாண்டியராஜன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எழுந்து போகவில்லை.

"பணத்த வேணாக் குடுத்துருவோம்" என்றான் கடைசியில். "சாட்சிக்கெல்லாம் என்னால வர முடியாது."

"பணத்த நீங்க குடுத்தாலும் அவுக வாங்க மாட்டாக. சாட்சிதான் மொத."

"வரலேன்னா?"

"வழக்குப் போட்டா அவுக மூணுல ஒண்ணு கேப்பாக. நான் இந்த மூணாம் பக்கத்த வச்சு உங்ககிட்டக் கேப்பேன். தாசில்தாரும் ஏதாச்சும் கேப்பாரு."

அக்கம்மாள் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். "புதன்கிழம நல்ல நாளு" என்றாள்.

புதன்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம். இம்மானுவேல் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தயாராக வைத்திருந்தார். மதிப்பு எழுதும் இடத்தை மட்டும் விட்டிருந்தார்.

"வழிகாட்டி மதிப்பே போடட்டுமா?"

"உண்மையான மதிப்பப் போடுங்க."

"ஸ்டாம்பு கூடுமே."

"கூடட்டும். இனி ஒரு காகிதம் இந்த எடத்துல பொய்யா இருக்கக் கூடாது."

முருகம்மாள் பதினொரு மணிக்குக் கர்ணன் ஜீப்பில் வந்து இறங்கினாள். முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தாள். வெள்ளை ஜாக்கெட்டும் புதுச் சேலையும். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சாலையில் கால் வைத்தவள், யாரையும் தேடாமல் நேராகப் படியேறினாள். அழகுமலை எழுந்து நின்றான். பாண்டியராஜன் சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

எழுத்தர் பெயர்களைக் கூப்பிட்டார். "சின்னக்கருப்பு குமாரத்தி முருகம்மாள் என்கிற மேரி."

"இருக்கேன்" என்றாள் முருகம்மாள். அறை முழுவதும் கேட்டது.

அவள் விரல் ரேகை வைத்தாள், கையெழுத்தும் போட்டாள். ஹேமாவதி போட்டாள். பிறகு சாட்சிகள். சார்பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் எல்லாச் சாட்சிகளையும் கேட்கிற கேள்விதான்.

"முருகம்மாள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

பாண்டியராஜன் உதட்டை அசைத்தான்.

"சத்தமாச் சொல்லுங்க. ஃபேன் ஓடுதுல்ல."

"கூடப் பொறந்தவ" என்றான் பாண்டியராஜன். பிறகு, யாரும் கேட்காமலே, "என் தங்கச்சி" என்றான்.

சார்பதிவாளர் பேனாவை அவன் பக்கம் தள்ளினார். முருகம்மாள் அவன் எழுதி முடிக்கும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "எழுத்து இன்னும் கோணலாத்தான் இருக்கு" என்றாள். அழகுமலை சிரித்துவிட்டான். பாண்டியராஜன் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை மூடியபோது அவன் காது சிவந்திருந்தது. இருபது சென்ட்டுக்கான பணத்தை அழகுமலைதான் அவள் கையில் கொடுத்தான்.

வெளியே டீக்கடையில் தங்கப்பாண்டியன் நின்றிருந்தார். ஜீப்பையும் கர்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏஜென்ட்டம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அம்சமா முடிச்சுக் குடுத்திருப்பேன்."

"உங்களுக்கு ஒரு பாலிசி போடணும்னு நானும் ரெண்டு வருசமாச் சொல்றேன்" என்றாள் ஹேமாவதி. "நாமினி யாரு போடலாம்?"

அவர் டீயை முழுதும் குடிக்காமல் போனார்.

அன்று சாயங்காலம் முருகம்மாள் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். எல்லோரும் போனார்கள். அழகுமலை டேப் பிடித்தான். இருபது அடியில் ஒரு குச்சி ஊன்றினான். அவள் அதைப் பிடுங்கி, மறுபடி அளக்கச் சொன்னாள். இரண்டாவது தடவையும் இருபதே வந்தது. ஹேமாவதி தன் நூற்றறுபது அடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கர்ணன் ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. மறுமுனையை அடைந்து, அங்கே நின்று, இன்னொரு தடவை நடந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. கர்ணன் நான்கரை மணிக்குப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனான். பதினாறாவதாக முருகம்மாள் போனாள். ஹேமாவதி பத்து மணிக்குக் கிளை அலுவலகத்தில் சின்னக்கருப்புவின் பாலிசியைக் கொடுத்தாள். இறப்புச் சான்றும், முருகம்மாளின் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு இரண்டு மனுக்கள் கொடுத்தாள், ஒன்று தன் பெயருக்கு, ஒன்று முருகம்மாள் பெயருக்கு. சர்வேயர் அடுத்த மாதம் வருவார் என்றார்கள். ரசீது வாங்கினாள். வங்கியில் மேலாளர் விடுப்பில் இருந்தார். திரும்பும் வழியில் அனுமந்தன்பட்டியில் இரண்டு பிரீமியம் வசூலித்தாள். மூன்று மணிக்கு மழை வந்தது. வீட்டுக்கு வந்து துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.